சுடாத கல்

அன்று காலையிலிருந்து டாக்டர் ஜெபசீலிக்கு இடது காது குத்திக்கொண்டிருந்தது. வலி அவளுடையது அல்ல. முதல் ஆளாக வந்த ஒரு கைக்குழந்தையுடையது. வீறிட்டு அழுத அந்தக் குழந்தைக்குப் பல் முளைக்கிறதா, வயிறு உப்பிக் கிடக்கிறதா என்று தாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. ஜெபசீலி குழந்தையின் நெற்றியில் ஒரு பட்டையையும் தன் நெற்றியில் இன்னொன்றையும் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் காதுக்குள் ஊசி இறங்கியது. காதுக்கு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். சாயங்காலத்துக்குள் குழந்தை தூங்கிவிடும். அதன் வலி மட்டும் ஜெபசீலியின் காதுக்குள் நிழல் மாதிரி இன்னும் சில நாள் தங்கியிருக்கும்.

அரசாங்கம் வைத்த பெயர் உணர்விணைப்பி. தூத்துக்குடியில் எல்லோருக்கும் அது வலிப்பட்டை. கட்டிக்கொண்டிருக்கும் வரை குழந்தையின் மூளை உணர்வதை டாக்டரின் மூளையும் உணரும்; தன் உடம்பின் உணர்வு அதுவரை அடங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். அது வந்த பிறகு பேசத் தெரியாத பிள்ளைகள் நிறையப் பேர் பிழைத்தார்கள். குடல்வால் வீங்கினால் வெடிப்பதற்கு முன்பே தெரிந்தது. மூளைக்காய்ச்சலைக் கழுத்து விறைப்பதற்கு முன்பே பிடிக்க முடிந்தது. அதே பட்டை பள்ளிக்கூடங்களுக்கும் போனது. வயிறு வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை யாரும் நம்புவதும் இல்லை, சந்தேகப்படுவதும் இல்லை; பட்டையைக் கட்டிப் பார்த்தார்கள். டாக்டர்களுக்கும் அது பழகிப்போனது. எப்போதிலிருந்து, என்ன சாப்பிட்டான், ராத்திரி தூங்கினானா என்று கேட்கும் வழக்கம் மெல்ல மெல்லக் கழன்றுவிட்டது.

ஜெபசீலி வீட்டுக்குப் போய்த் தலையைச் சாய்த்து உட்கார்ந்தால் அவள் கணவர் கிப்சன், "இன்னைக்கு யாரு காது?" என்றுதான் கேட்பார். சில நாள் யாரோ ஒரு பிள்ளையின் முழங்கால், சில நாள் யாரோ ஒரு பிள்ளையின் அடிவயிறு. தன்னுடைய சொந்த வலி எது என்று அவளுக்கே இப்போதெல்லாம் சரியாகத் தெரிவதில்லை.

வெயில் நன்றாக ஏறிய பிறகு, குழந்தைகள் நல அலுவலர் தாட்சாயணி ஒரு மனிதரையும் ஒரு பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். அந்த மனிதரிடமிருந்து எண்ணெயும் வெங்காயமும் கலந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. பரோட்டா மாஸ்டர் சுடலைமணி. பழைய துறைமுகச் சாலையில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த பொட்டுகள். குழந்தை தங்கபுஷ்பத்துக்கு நாலு வயது. மனைவி மஸ்கட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பதால் வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான்.

புஷ்பம் அப்பாவின் இடுப்பிலிருந்து சறுக்கி இறங்கினாள். வலது கணுக்கால் பரங்கிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அந்தக் காலையே ஊன்றி ஓடிப்போய், மூலையில் இருந்த எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறிக் குதித்தாள். எண் மாறுவது அவளுக்குப் பிடித்துவிட்டது. இறங்கி மறுபடி குதித்தாள். தாட்சாயணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டுலேருந்து தகவல் வந்தது டாக்டர்," என்றாள் தாட்சாயணி. "உள்ளங்கையப் பாருங்க, சுட்ட தழும்பு. நாக்குல பல்லுபட்ட காயம். இப்ப காலு. இவரக் கேட்டா எதுவும் தெரியலங்கிறாரு."

"தெரியலன்னு சொல்லலம்மா," என்றார் சுடலைமணி. சத்தமே உயரவில்லை. "கையி, நான் மாவடிக்கப் போனப்ப பரோட்டாக் கல்லுல வச்சிட்டா. காலு எப்பன்னு எனக்குத் தெரியாது. இவ ஒண்ணும் சொல்ல மாட்டா. வீக்கத்தப் பாத்துட்டு ரெண்டு எடத்துக்குத் தூக்கிட்டுப் போனேன். பட்டையக் கட்டிப் பாத்தாவ. வலியே இல்லையே, எதுக்கு வந்தீகன்னு அனுப்பிட்டாவ."

ஜெபசீலி முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். படம் வந்ததும் தாட்சாயணியைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினாள். கணுக்கால் எலும்பில் புதிய முறிவு. அதற்கு மேலே, எப்போதோ முறிந்து தானாக ஒட்டிக்கொண்ட பழைய இடங்கள். ஒரு பிள்ளை இத்தனை முறிவோடு சிரித்துக்கொண்டு திரிய முடியாது.

அவள் பட்டையைக் கட்டினாள். கண்ணை மூடி, கணுக்காலில் இறங்கப்போகும் வெட்டுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒன்றும் வரவில்லை. கால் இருந்தது, தரை இருந்தது, தரையின் குளிர்ச்சி கூட இருந்தது. வலி மட்டும் இல்லை. அதைவிட விசித்திரம், பட்டையின் ஊடே அவளுடைய காது குத்தலும் காணாமல் போயிருந்தது. தோளில் பல வருடமாக உட்கார்ந்திருந்த பாரம், முதுகில் யாருடையது என்று தெரியாத இழுப்பு, எல்லாம் போய்விட்டன. இவ்வளவையும் சுமந்துகொண்டா நடமாடுகிறோம் என்று அவளுக்கு அழுகை வந்தது. கழற்ற வேண்டிய நேரத்தைத் தாண்டியும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன டாக்டர்?" என்றாள் தாட்சாயணி.

"வலி இல்ல."

பட்டை கெட்டுவிட்டதோ என்று நர்ஸின் நெற்றியில் கட்டி, அவள் கையைக் கிள்ளிக்கொள்ளச் சொல்லிப் பார்த்தாள். சுரீரென்று தெரிந்தது. பட்டையில் கோளாறு இல்லை.

தாட்சாயணி பெருமூச்சு விட்டாள். "இப்படித்தான் வரும்னு நினைச்சேன். மரத்துப்போற மருந்தக் குடுத்துக் கூட்டிட்டு வர்றாங்க. பட்டை வந்ததுக்கப்புறம் அடிக்கிறவங்க கண்டுபிடிச்ச வித்தை. இந்த வருஷமே மூணு நாலு பிள்ளைங்களப் பாத்துட்டேன்." பிறகு சுடலைமணியைப் பார்த்து, "ரத்தத்துல மருந்து இருந்துதுன்னா பிள்ளைய இப்பவே காப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்," என்றாள்.

"ரத்தம் எடுங்க. எவ்வளவு வேணும்னாலும் எடுங்க," என்றார் அவர். "ஆனா எலும்பு முறிஞ்சிருக்குன்னு இன்னைக்குத்தான் மொத மொதல்ல ஒருத்தர் சொல்லிருக்கீக. அதுக்கு முதல்ல கட்டுப் போடுங்கம்மா. மத்ததப் பெறவு பேசுவோம்."

ரத்தம் எடுத்தபோது புஷ்பம் ஊசி உள்ளே போவதைக் குனிந்து பார்த்தாள். "செவப்பா வருது," என்று அப்பாவிடம் காட்டினாள்.

ஆய்வகத்திலிருந்து முடிவு வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டுப் போட்டு முடித்து ஜெபசீலி ஒரு நாற்காலியை இழுத்துச் சுடலைமணிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். பட்டை வருவதற்கு முன்னால் எப்படிக் கேட்பாளோ, அப்படிக் கேட்க ஆரம்பித்தாள்.

"பிறந்தப்ப அழுதாளா?"

"அழுதா. பசிக்கு அழுவா."

"தடுப்பூசி போட்டப்ப?"

"அதுக்கு அழல. தைரியக்காரின்னு நர்ஸம்மாவே மெச்சுனாவ. எங்களுக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. பல்லு மொளச்சப்ப நாக்கக் கடிச்சு வாயெல்லாம் ரத்தம். சிரிச்சிட்டு நிக்கா."

"இப்ப எதுக்கும் அழறதே இல்லையா?"

சுடலைமணி யோசித்தார். "அவ அம்மா போன வச்சிட்டா அழுவா. நெஞ்சு ஏறி ஏறி எறங்கும். நம்மால பாக்க முடியாது."

ஜெபசீலி அவரைக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடி பட்டையைக் கட்டினாள். இந்தத் தடவை வலியைத் தேடவில்லை. அந்தப் பிள்ளைக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்தாள். அப்பாவின் தாடி உச்சந்தலையில் உரசுவது தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் அவர் நெஞ்சின் வெதுவெதுப்பு தெரிந்தது. தொட்டில் நின்ற பிறகும் உள்ளுக்குள் ஆடிக்கொண்டிருப்பது போன்ற ஒரு சொகுசு. பயத்தின் சுவடு கூட அதில் இல்லை.

இன்னொன்றும் இல்லை. எண்ணெய் வாசனை இல்லை, வெங்காயம் இல்லை, ஆஸ்பத்திரியின் ஃபினாயில் நெடி இல்லை. ஜெபசீலி கண்ணைத் திறந்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் குழந்தையின் மூக்கருகே கொண்டுபோனாள். புஷ்பம் மூக்கைச் சுளிக்காமல், அடுத்து என்ன வித்தை காட்டப்போகிறாய் என்பது மாதிரிப் பார்த்தாள்.

"இவ எப்பவாவது நாத்தம்னு மூக்கப் பொத்தியிருக்காளா?"

"இல்லையே. மீன் வண்டி பக்கத்துலேயே நின்னு விளையாடுவா."

ரத்தத்தில் எந்த மருந்தும் இல்லை என்று முடிவு வந்தபோது ஜெபசீலிக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. படிக்கும் காலத்தில் ஒரே ஒரு வகுப்பில் கேட்ட நோய். அவள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"உடம்புலேருந்து வலியத் தூக்கிட்டுப் போற நரம்புல ஒரு சின்னக் கதவு இருக்கு. இவளுக்கு அது பிறவியிலேயே திறக்கல. வாசனைக்கும் அதே கதவுதான். தொட்டாத் தெரியும், கிச்சுக்கிச்சு தெரியும், சூடு எது குளிர்ச்சி எதுன்னு தெரியும். சூடு தெரியும், சுடுறது தெரியாது. ரொம்ப அபூர்வமான நோய். மரபணுவப் பாத்து உறுதி பண்ணிருவோம்."

"அப்ப பட்டை சொன்னது?" என்றாள் தாட்சாயணி.

"பட்டை சரியாத்தான் சொல்லிருக்கு. வலி இல்ல. வலி இல்லன்னா காயமும் இல்லன்னு நாமதான் நினைச்சுட்டோம்."

தாட்சாயணி கையிலிருந்த கோப்பை மூடினாள். பிறகு சுடலைமணியிடம், "மன்னிச்சிருங்க அண்ணாச்சி," என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்குக் கோபப்பட அவகாசம் இல்லை. வேறு ஒரு பயம் வந்து உட்கார்ந்துவிட்டது.

"இத மாத்த மருந்து இருக்கா?"

"ஆராய்ச்சி நடக்குது. இன்னும் கைக்கு வரல."

"அதுவரைக்கும்?"

"தினமும் ராத்திரி தூங்கும்போது தலையிலேருந்து கால்வரை நீங்க பாக்கணும். காயம், வீக்கம், கண்ணுல தூசி. அவ உடம்பு சொல்லாதத நீங்கதான் சொல்லணும்."

சொன்னதையெல்லாம் அவர் செய்தார். கட்டுப் பிரிக்க வந்த அன்று கால் நேராக ஒட்டியிருந்தது. ஆனால் ராத்திரி பார்ப்பது என்பது நடந்து முடிந்ததைப் பார்ப்பதுதான். நடப்பதை எப்படி நிறுத்துவது? கடை சாயங்காலக் கடை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்பா பரோட்டாவைக் கல்லில் தட்டுவதைப் பார்த்தால் அவளுக்கும் கை துறுதுறுக்கும். தொடாதே என்றால், ஏன் என்று கேட்பாள். சுடும் என்றால், சுட்டால் என்ன என்பாள்.

மழைக்காலம் தொடங்கியபோது மறுபடி வந்தார். புஷ்பத்தின் உள்ளங்கை பழைய தழும்பின் மேலேயே மறுபடி வெந்திருந்தது. சுடலைமணியின் உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. ஜெபசீலி முதலில் குழந்தைக்கு மருந்து போட்டாள். பிறகு அவர் துணியைப் பிரித்தாள். கை தவறிக் கல்லில் படும்போது கையின் ஓரத்தில்தான் சுடும். அவருக்கு உள்ளங்கை முழுவதும் தோல் வழன்றிருந்தது.

"இது எப்படி ஆச்சு?"

"தெரியாமப் பட்டுட்டும்மா."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"டாக்டரம்மா, அந்தப் பட்டையத் திருப்பிக் கட்ட முடியுமா? பிள்ளைக்கு உள்ளத நீங்க பாக்குற மாதிரி, எனக்கு உள்ளத அவ பாக்கணும். ஒரே ஒரு தடவ. கல்லுன்னா என்னன்னு அவளுக்குத் தெரியணும்."

ஜெபசீலிக்குச் சுருக்கென்றது. முடியும்தான். குழந்தையின் நரம்பில்தான் கதவு மூடியிருக்கிறது, மூளையில் இல்லை. பட்டை நேராக மூளையிடம் பேசும்.

"நாலு வயசுப் பிள்ளைக்கு வலியக் குடுன்னு சொல்றீங்க. வலிய நிறுத்தத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்."

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? வலி தெரியாமச் செத்துப்போறதுக்கு, அழுதுட்டு உசுரோட இருந்தாப் போதும்."

சம்மதிக்க முடியாது என்றுதான் அவள் சொல்ல நினைத்தாள். ஆனால் அவர் கையைப் பார்க்கப் பார்க்க, அடுத்த வாரம் இவர் இன்னொரு கையையும் சுட்டுக்கொண்டு வருவார் என்று தோன்றியது. தாட்சாயணியைப் போனில் கூப்பிட்டாள். அவள் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எனக்கு இதுல மனசு இல்ல. வேண்டாம்னு சொல்லவும் வாய் வரல. நான் கூட இருக்கேன்," என்றாள்.

ஜெபசீலி பட்டையின் அளவை ஆகக் குறைவாக வைத்தாள். அப்பாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று.

புஷ்பத்தின் கண்கள் அகலமாகின. முதலில் அவள் தன் கையைத்தான் தூக்கிப் பார்த்தாள், புரட்டிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையைப் பார்த்தாள். பட்டையைத் தன் நெற்றியிலிருந்து மேலே தள்ளினாள். முகம் தெளிந்தது. மறுபடி இறக்கினாள். உதடு பிதுங்கியது. ஏற்றினாள், இறக்கினாள். மூன்று பெரியவர்களும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதாம்ட்டி வலி," என்றார் சுடலைமணி. "கல்லத் தொட்டா இப்படித்தான் இருக்கும். தெரிஞ்சுதா?"

புஷ்பம் பட்டையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்து ஊதத் தொடங்கினாள். ஊதி ஊதி மூச்சு வாங்கியது. கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அம்மா போனை வைத்தால் அழுவாள் என்று அவர் சொன்னாரே, அந்த அழுகை எப்படியிருக்கும் என்று ஜெபசீலி அன்றுதான் பார்த்தாள். அன்று இரவு முழுக்க ஜெபசீலிக்குத் தூக்கமில்லை. ஒரு குழந்தையிடமிருந்து எதையோ திருடிவிட்டு வந்த மாதிரி இருந்தது.

மழை முடிந்து, பனி முடிந்து, அவர்கள் மறுபடி வந்தபோது கோடை தொடங்கியிருந்தது. சும்மா ஒரு பரிசோதனைக்குத்தான் வந்திருந்தார்கள். ஜெபசீலி குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். புதிய தீக்காயம் ஒன்றும் இல்லை. முறிவும் இல்லை.

"கல்லு இருக்குற பக்கமே வர மாட்டேங்கா," என்றார் சுடலைமணி. முகத்தில் சதை பிடித்திருந்தது. "பள்ளிக்கூடத்துல விழுந்து முட்டிய ஒரசிக்கிட்டா, நேரா டீச்சர்ட்ட போயி மருந்து கேட்டிருக்கா. பயந்துட்டா டாக்டரம்மா. நல்ல பயம். நீங்க பண்ண புண்ணியம்."

அந்த நேரம் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. அவர் பேசுவதற்காக வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று திரையில் மனைவியைப் பார்த்துச் சிரிப்பது தெரிந்தது.

ஜெபசீலி குனிந்து கேட்டாள். "ஏன் புஷ்பம், கல்லுப் பக்கம் போறதே இல்லையாமே?"

"போவ மாட்டேன். சுடும்லா."

"யாருக்குச் சுடும்?"

"அப்பாவுக்கு."

ஜெபசீலிக்கு முதலில் புரியவில்லை. குழந்தை அவளுக்குப் புரியும்படி நிதானமாக எடுத்துச் சொன்னாள்.

"அன்னைக்கு நான்தான் கல்லத் தொட்டேன். எனக்கு ஒண்ணுஞ் செய்யல. அப்பா கையிலதான் வலிச்சுது. நான் தலையில கட்டிப் பாத்தேன்லா. கீழ விழுந்தாலும் அப்பாவுக்குத்தான் வலிக்கும். எனக்கு உள்ளது எல்லாம் அப்பாட்ட போயிருது." பிறகு கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தாள். "அவுககிட்ட சொல்லிராதீக. அவுகளுக்குத் தெரியாது."

அது அப்படியில்லை கண்ணு என்று சொல்ல ஜெபசீலி வாயெடுத்தாள். சொல்ல வேண்டியதுதான். இத்தனை சின்னப் பிள்ளை இவ்வளவு பெரிய சுமையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரியலாமா? அந்தச் சுமையைக் கட்டிக் கொடுத்ததும் தன் கைதான். ஆனால் சொல்லிவிட்டால் கல் மறுபடியும் சுடாத கல் ஆகிவிடும். என்றாவது ஒருநாள் அவளுக்கே தெரியவரும். அந்த நாளில் பக்கத்தில் இருந்து பேச ஆள் வேண்டும், அது நானாக இருக்கட்டும் என்று எண்ணிக்கொண்டாள். வெளியே நிற்கும் மனிதரையும் பார்த்தாள். குழந்தை சொன்னதில் எது பொய் என்று தேடிப் பார்த்தால், அவளுக்குச் சட்டென்று எதுவும் அகப்படவில்லை.

"சொல்ல மாட்டேன்," என்றாள். "வேற எங்கயாவது பட்டிருக்கா?"

புஷ்பம் செருப்பைக் கழற்றி, சுண்டுவிரலுக்கு அடியில் ஓர் இடத்தைக் காட்டினாள். முள் கீறிய சின்னக் கோடு. ஜெபசீலியின் கண்ணுக்கே அது தப்பியிருந்தது.

"இப்ப ஆட்டோவுல வாரப்பத்தான் பாத்தேன்," என்றாள். "மெதுவாத் தொடைங்க."

ஜெபசீலி தரையில் உட்கார்ந்து அந்தப் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பஞ்சை நனைத்து, வலித்து அழும் பிள்ளைக்குத் துடைப்பதைவிட மெதுவாகத் துடைத்தாள். புஷ்பம் தன் காலைப் பார்க்கவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.